போர்ட் ட்ரிகரிங் போட்டாச்சு. வீட்டுக்குள் கேமரா தெரிகிறது, சிங்கப்பூரில் தெரியவில்லை

கணக்கு டீச்சர் (கானாடுகாத்தான்):

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. பங்கு பல பேருக்கு, குடியிருப்பது நான் ஒருத்தி. மற்றவர்கள் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். முன்னோர் படைப்புக்கு வருவார்கள், கல்யாணத்துக்கு வருவார்கள், மற்ற நாளெல்லாம் "ஆச்சி, ரெண்டாங்கட்டு ஓடு சரிஞ்சிருக்காமே" என்று வாட்ஸப்பில் விசாரிப்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தூணும் நிலையும் பெயர்த்துக்கொண்டு போகிற காலம். அதனால் எல்லோருமாகப் பணம் போட்டுக் கேமரா வைத்தாயிற்று.

ஃபைபர் முகப்பில் வந்து இறங்குகிறது. கம்பெனி கொடுத்த மோடம் பெட்டி அங்கே இருக்கிறது. அதிலிருந்து ஒரு லேன் வயர் வளவைத் தாண்டி உள்ளறைக்கு வருகிறது; அங்கே நாங்கள் வாங்கிய ரவுட்டர், பக்கத்தில் கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர். கேமரா எல்லாம் வயர்தான். வைஃபை கேமரா போதும் என்று சிலர் சொன்னார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாய் இவ்வளவு கனத்தில் சுவர் இருக்கும்போது முகப்பு வைஃபை வளவுக்கே வராது, பின்கட்டை எங்கே பார்ப்பது?

கேமரா போட வந்த பையன், "ஃபார்வர்டிங் வேண்டாம் ஆச்சி, போர்ட் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ட்ரிகரிங் போடுங்க, யாராவது பார்க்கும்போது மட்டும் திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். போர்ட் என்றால் இணைப்புகள் வந்துபோகிற, எண் போட்ட வாசல் என்றும் சொன்னான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ரவுட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் நான்கு கட்டம்: ட்ரிகர் போர்ட், அதன் புரோட்டோகால் (பேசும் முறை), உள்ளே வரும் போர்ட், அதன் புரோட்டோகால். டிவிஆரின் சர்வர் போர்ட் 8000 என்று அதன் திரையிலேயே இருக்கிறது. இரண்டு இடத்திலும் போர்ட் 8000, புரோட்டோகால் டிசிபி என்று போட்டு சேமித்துவிட்டேன்.

வீட்டுக்குள் செல்பேசியில் படம் அருமையாக வருகிறது. சிங்கப்பூரில் மகன் பார்த்தால் "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்". ட்ரிகர் போர்ட்டில் வேறு எண் போட வேண்டுமா? பதில் சொல்கிறவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். "இதை அமுக்குங்க, அதை அமுக்குங்க" என்பது எனக்கு ஆகாது.

தேவகோட்டை கேமர்:

ஆச்சி, எதுக்கு இவ்வளவு? டிவிஆர் மெனுவில பி2பின்னு ஒண்ணு இருக்கும், ஆன் பண்ணிட்டு ஆப்ல கியூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

கணக்கு டீச்சர்:

தெரியும் தம்பி. வீட்டுப் படம் யாரோ ஒருவருடைய சர்வர் வழியாகப் போவதில் என் மகனுக்குச் சம்மதமில்லை. எனக்கும் ட்ரிகரிங் ஏன் வேலை செய்யவில்லை என்று தெரிந்தாக வேண்டும்.

பழைய எக்சேஞ்ச் (பள்ளத்தூர்):

ஆச்சிக்கு வணக்கம். டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரணம் கேட்டீர்கள், அதனால் நீளமாகத்தான் வரும்.

ட்ரிகர் எண்ணை என்ன மாற்றினாலும் பலன் இல்லை. போட்ட எண்ணில் தப்பு ஒன்றுமில்லை, இந்த வேலைக்கு ட்ரிகரிங்கே சேராது.

உங்கள் ரவுட்டரைப் பெட்டியடிக் கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரு பேரேடு. வீட்டுக்குள்ளிருந்து எந்தக் கருவி வெளியே பேசினாலும் பற்று எழுதிக்கொள்வார்: இன்ன கருவி, இன்ன போர்ட், வெளியே இன்னாரிடம் பேசியது என்று. பதில் வரும்போது பேரேட்டைப் புரட்டி, பற்று இருந்தால் அந்தக் கருவிக்கு அனுப்புவார். பற்று இல்லாமல் வருகிற எதையும் உள்ளே விடமாட்டார். இதுதான் நாட், அதாவது முகவரி மாற்றிக் கொடுக்கும் வேலை. 1994-இல் ஆர்எஃப்சி 1631 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் எழுதிவைத்தார்கள்.

ஃபார்வர்டிங் என்பது அந்தப் பேரேட்டில் நாம் நிரந்தரமாக எழுதிவைக்கும் வரி. "8000-க்கு யார் வந்தாலும் 192.168.0.50-க்கு அனுப்பு" (டிவிஆரின் வீட்டு முகவரி அது என்று வைத்துக்கொள்வோம்). உள்ளே இருப்பவர் பேசினாரா, தூங்கினாரா என்ற கேள்வியே கிடையாது.

ட்ரிகரிங் அப்படியில்லை. "உள்ளிருந்து எவராவது 8000 வழியாக வெளியே போனால், அப்போது மட்டும், வெளியிலிருந்து 8000-க்கு வருவதை அதே ஆளுக்கு அனுப்பு, போக்குவரத்து நின்று கொஞ்ச நேரமானால் அந்த வரியை அடித்துவிடு" என்பது அதற்கு அர்த்தம். அந்த நேரத்தைச் சில ரவுட்டரில் நிமிடக் கணக்கில் நாமே குறிக்கலாம்.

இப்போது உங்கள் டிவிஆர் என்ன செய்கிறது? யாராவது வந்து கேட்கட்டும் என்று 8000-இல் காத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதுவாக 8000 வழியாக வெளியே எவரிடமும் போகாது. முதல் அடி எடுத்து வைப்பது சிங்கப்பூர் தம்பி. ஆகவே ட்ரிகர் அடிக்கவே அடிக்காது. அந்தப் பையன் சொன்னதில் "தேவைப்படும்போது மட்டும் திறக்கும்" என்பது சரி. யாருக்குத் தேவைப்படும்போது என்பதைத்தான் விட்டுவிட்டார். உள்ளே இருப்பவருக்குத் தேவைப்படும்போது.

சரி, அப்படியானால் ஃபார்வர்டிங் போடலாமா என்றால், அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு எண் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, உங்கள் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது வெளிப்பக்க முகவரி. இரண்டு, முகப்பு மோடத்தின் வான் ஐபி. முழு எண்ணையும் பொதுவில் போடாதீர்கள், முதல் இரண்டு பகுதி போதும்.

கணக்கு டீச்சர்:

இப்படிச் சொன்னால்தான் மண்டையில் ஏறுகிறது. ரவுட்டரில் 192.168.1 என்று தொடங்குகிறது. மோடத்தில் 100.86 என்று தொடங்குகிறது. மோடத்தில் இருப்பது வெளி உலக எண்தானே?

பழைய எக்சேஞ்ச்:

அதுதான் இல்லை ஆச்சி. 100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ளதெல்லாம் இணையக் கம்பெனிகள் தங்களுக்குள் புழங்கிக்கொள்ள 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிக் கொடுத்த முகவரிகள். கம்பெனியும் ஒரு நாட் வைத்திருக்கிறது, அதைச் சிஜிநாட் என்பார்கள். ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள். உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள், அங்கே 100.86-க்குச் சம்பந்தமே இல்லாத வேறு எண் வரும். அது உங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கும் சேர்த்து ஒரே எண்.

ஆக உங்கள் டிவிஆருக்கு முன்னால் மூன்று நாட்: உங்கள் ரவுட்டர், முகப்பு மோடம், கம்பெனி. முதல் இரண்டில் நாம் கைவைக்கலாம், மூன்றாவதில் முடியாது. இந்த இணைப்பில் ஃபார்வர்டிங் போட்டாலும் டைம்ட் அவுட்தான் வரும்.

கம்பெனிகளை மட்டும் திட்டியும் புண்ணியமில்லை. ஐபிவி4 என்ற இந்த முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதியோடு காலி. நமக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்கும் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரலில் ரேஷன் முறைக்கு வந்துவிட்டது.

கணக்கு டீச்சர்:

64-லிருந்து 127 வரை என்றால் 64 தொகுதி, ஒவ்வொன்றிலும் 65,536. மொத்தம் 41,94,304. ஒரு கம்பெனிக்கு இது போதுமா, வேறு கம்பெனிக்கு வேறு எண்களா?

பழைய எக்சேஞ்ச்:

கணக்கு டீச்சரிடம் மாட்டிக்கொண்டேன்! எல்லாக் கம்பெனியும் அதே எண்களைத் தங்கள் தங்கள் வலைக்குள் திரும்பத் திரும்பப் புழங்கலாம். வெளியே அந்த எண்களுக்கு மதிப்பில்லாததால் மோதல் வராது. நம் வீடுகளில் எல்லோரும் 192.168 வைத்திருப்பது போலத்தான்.

காரைக்குடி ஆல்பம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ட்ரிகரிங் எதற்குமே உதவாது என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்குப் பிரமாதமாக வேலை செய்கிறது. காரைக்குடியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பக்கங்களை வெளியூர் பிரஸ்ஸுக்கு எஃப்டிபி-யில் (கோப்பு அனுப்பும் முறை) ஏற்றவேண்டும். அவர்கள் சர்வர் பழசு, இரண்டாவது இணைப்பையும் நம் பக்கமே தொடங்கும் பாசிவ் மோடு கிடையாது. லாகின் ஆகும், ஃபோல்டர் பட்டியல் வருவதற்குள் அப்படியே நின்றுவிடும். ட்ரிகர் 21, உள்ளே வர 50000 முதல் 50020 வரை, இரண்டும் டிசிபி என்று போட்டபின் ஓடுகிறது. ஆனால் என் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது உதவியாளர் தன் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அவருக்கு நின்றுவிடுகிறது. ஏன் ஐயா?

பழைய எக்சேஞ்ச்:

தம்பி, ட்ரிகரிங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் தேடினாலும் கிடைக்காது.

எஃப்டிபி நம் எல்லோருக்கும் மூத்தது. முதல் வரைவு 1971 ஏப்ரலில், ஆர்எஃப்சி 114. எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர், அப்போது எம்ஐடியில் இருந்தார். நாட் என்ற பேச்சே இல்லாத காலம். ஆகவே ஆக்டிவ் மோடில் கட்டளை ஒரு வழி, சரக்கு வேறு வழி. நீங்கள் சர்வரின் 21-க்குப் போய், "நான் இன்ன ஐபியில், இன்ன போர்ட்டில் காத்திருக்கிறேன்" என்று சொல்வீர்கள். சர்வர் திரும்பி உங்களை நோக்கிப் புது இணைப்பு ஒன்றைத் தொடங்கும். அந்தப் புது இணைப்புக்கு உங்கள் ரவுட்டரிடம் பற்று இல்லை. அதனால்தான் லாகின் ஆகி, பட்டியல் வராமல் நிற்கிறது. ட்ரிகரிங் அந்தப் பற்றைப் போட்டுக் கொடுக்கிறது. முதல் அடி உள்ளேயிருந்து, பின்னாலேயே வெளியிலிருந்து இன்னொரு இணைப்பு, அந்த ஓட்டைக்காக வந்த வசதி இது. ஐஆர்சி அரட்டைக்கும் அந்நாளில் இப்படித்தான், 6667 வெளியே போனால் 113 உள்ளே.

உதவியாளருக்கு ஏன் நிற்கிறது என்றால், 50000–50020 என்ற தொகுதி ஒரு நேரத்தில் ஒரே கருவிக்குத்தான் எழுதப்படும். நீங்கள் முடித்து, நேரம் கழிந்து, வரி அழிந்த பிறகுதான் அவருக்கு. இரண்டு பேரும் ஒரே வேளையில் ஏற்றவேண்டுமானால் ட்ரிகரிங் ஆகாது. கம்ப்யூட்டருக்கு ஒரு தனித் தொகுதி ஒதுக்கி ஃபார்வர்டிங் போடுங்கள், எஃப்டிபி மென்பொருளிலும் அதே தொகுதியைக் குறிப்பிடுங்கள்.

ஒன்று உறுதியாகத் தெரிகிறது, உங்கள் இணைப்பு சிஜிநாட்டில் இல்லை. இருந்திருந்தால் ட்ரிகரிங்கும் படுத்திருக்கும். பிரஸ்காரரிடம் பாசிவ் போடச் சொல்லிச் சண்டை போடுங்கள், அல்லது எஸ்எஃப்டிபி-க்கு வரச் சொல்லுங்கள். பழைய எஃப்டிபி-யில் பாஸ்வேர்டு மறைப்பே இல்லாமல் பச்சையாகப் போகிறது.

தேவகோட்டை கேமர்:

அப்ப எங்க வீட்டுல அண்ணனும் நானும் ஒரே நேரத்துல எக்ஸ்பாக்ஸ் ஆடினா ஒருத்தனுக்கு நாட் டைப் ஸ்ட்ரிக்ட்னு வருதே, அதுவும் இதேதானா? எக்ஸ்பாக்ஸ் போர்ட் 3074-க்கு ட்ரிகர் போட்டிருக்கேன்.

பழைய எக்சேஞ்ச்:

அதேதான். 3074 ஒன்று, ஆள் இரண்டு. ட்ரிகரை எடுத்துவிட்டு யுபிஎன்பி (கருவியே ரவுட்டரிடம் கேட்டுப் போர்ட் திறந்துகொள்ளும் வசதி) போட்டால், இரண்டாவது பெட்டி வேறு போர்ட் கேட்டு வாங்கிக்கொள்ள வழி உண்டு. ஆச்சி, இது அந்தப் பையன்களுக்குச் சொன்னது. உங்கள் ரவுட்டரில் யுபிஎன்பி அணைந்தே இருக்கட்டும்.

கணக்கு டீச்சர்:

சரி, எனக்கு வழி?

பழைய எக்சேஞ்ச்:

மூன்று வழி இருக்கிறது ஆச்சி, மூன்றும் ஒரே தரமில்லை.

கம்பெனியிடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்கலாம். கூடுதல் காசு. வாங்கினால் மோடத்தை, நாட் செய்யாமல் அப்படியே கடத்தும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி, உங்கள் ரவுட்டரில் ஃபார்வர்டிங். எனக்கு இதில் பிரியமில்லை. டிவிஆரை நேராக இணையத்துக்குக் காட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. 2016-இல் மிராய் என்று ஒரு தீய நிரல் கிளம்பியது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராவையும் டிவிஆரையும் ஆயிரக்கணக்கில் பிடித்துப் படை திரட்டி, அந்த அக்டோபர் 21 அன்று தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் டிஎன்எஸ் கம்பெனியான டைன் (Dyn) மீது தாக்கியது. அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களெல்லாம் திறக்கவில்லை. போர்ட்டை 8000-லிருந்து 48123 என்று மாற்றிவைத்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தேடுகிற நிரலுக்கு 65,535 போர்ட்டையும் தட்டிப் பார்க்க அலுப்பு கிடையாது.

அடுத்தது பி2பி. உங்களுக்கு வேண்டாம், விட்டுவிடுவோம்.

நான் செய்யச் சொல்வது மூன்றாவது. சிங்கப்பூரில் தம்பி வீட்டு இணைப்பில் பொது ஐபி இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பார்த்த அதே முறையில். இருந்தால் அவர் ரவுட்டரில் வயர்கார்டு சர்வர் போடட்டும், போர்ட் யுடிபி 51820. வயர்கார்டு என்பது ஒரு விபிஎன், இரண்டு வீட்டுக்கும் நடுவே பூட்டிய குழாய் மாதிரி. கானாடுகாத்தானிலிருந்து உங்கள் ரவுட்டர் அவரைக் கூப்பிடட்டும். உள்ளிருந்து வெளியே போவதால் மூன்று நாட்டும் தடுக்காது, மூன்றிலும் பற்று எழுதப்படும். கான்ஃபிகரேஷனில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் என்ற இடத்தில் 25 போடுங்கள். 25 வினாடிக்கு ஒருமுறை சின்னதாக ஒன்று போய்க்கொண்டே இருந்தால் அந்தப் பற்று அழியாது. அந்தக் குழாய் வழியாக அவர் டிவிஆரைப் பார்க்கலாம், நடுவில் வேறு சர்வர் கிடையாது.

உங்கள் ரவுட்டரில் விபிஎன் கிளையன்ட் பகுதியில் வயர்கார்டு இருக்கிறதா?

கணக்கு டீச்சர்:

இருக்கிறது. மகன் வீட்டில் பொது ஐபிதான், அவனும் போட்டுவிட்டான். இரண்டு பக்கமும் ஹேண்ட்ஷேக் ஆனதாகக் காட்டுகிறது. ஆனால் 192.168.0.50 போட்டால் டிவிஆர் திறக்கவில்லை. அவன் வீட்டு ரவுட்டரும் 192.168.0.1 என்கிறான். அதனாலா?

பழைய எக்சேஞ்ச்:

அதனாலேதான், கேட்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டீர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே தொகுதி. தம்பியின் செல்பேசி 192.168.0.50-ஐத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிவிட்டுச் சும்மா இருந்துவிடும், குழாய்ப் பக்கமே எட்டிப் பார்க்காது. உங்கள் ரவுட்டரின் லேன் ஐபியை 192.168.77.1 என்று மாற்றுங்கள், டிவிஆர் 192.168.77.50. வயர்கார்டில் அலவுடு ஐபி வரியிலும் தம்பி 192.168.77.0/24, அதாவது அந்தத் தொகுதி முழுவதையும், சேர்க்கவேண்டும்.

மாற்றும்போது டிவிஆரில் கேட்வே கட்டத்தை மறக்காமல் பாருங்கள். அங்கே 192.168.77.1 இருக்கவேண்டும். அது காலியாக இருந்தாலும் வீட்டுக்குள் படம் வரும், அதனால் ஒருவரும் கவனிப்பதில்லை. வேறு தொகுதியிலிருந்து கேட்பவருக்குப் பதில் அனுப்ப அந்த வழி தெரிந்தாக வேண்டும்.

கணக்கு டீச்சர்:

கேட்வே 0.0.0.0 என்று இருந்தது! மாற்றினேன், வந்துவிட்டது. முகப்பில் பூனை போவதை அங்கிருந்து சொல்கிறான். படம் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. கோலாலம்பூர் கொழுந்தனாரும் தனக்கு வேண்டுமென்கிறார். மகனுடைய கான்ஃபிகரேஷன் ஃபைலையே அவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிடலாமா?

பழைய எக்சேஞ்ச்:

அனுப்பாதீர்கள். அந்த ஃபைலுக்குள் சாவி இருக்கிறது. ஒரே சாவியை இரண்டு கருவியில் வைத்தால் சர்வர் கடைசியாகப் பேசியவரையே நம்பும்; இவர் பார்த்தால் அவருக்கு நிற்கும், அவர் பார்த்தால் இவருக்கு நிற்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி ஜோடி, குழாய்க்குள் தனி ஐபி. அதைத் தம்பிதான் தன் சர்வரில் உண்டாக்கித் தரவேண்டும். வாட்ஸப்பில் ஃபைலாக அனுப்புவதைவிட வீடியோ அழைப்பில் கியூஆரைக் காட்டி ஸ்கேன் செய்யச் சொல்லலாம்.

படம் விட்டுவிட்டு வருவதற்கு ஆப்பில் முழுத் தர மெயின் ஸ்ட்ரீமை விட்டு, தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமில் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாக் கேமராவையும் ஒன்றாகத் திறந்தால் உங்கள் அப்லோட் தாங்காது. பதிவு டிவிஆரில் முழுத் தரத்தில்தான் ஆகும், அதில் குறை வராது. மோடம், ரவுட்டர், டிவிஆர் மூன்றுக்கும் யுபிஎஸ் இருக்கிறதா பாருங்கள். உள்ளறையில் மட்டும் வைத்துவிட்டு முகப்பு மோடத்தை விட்டுவிடுகிறார்கள், கரண்ட் போனால் குழாய் அங்கேயே அறுந்துவிடும். அந்த 8000 ட்ரிகரிங் வரியையும் அழித்துவிடுங்கள்.